லட்ச ரூபாய்க் குரல்! ரெயிலில் பாடிய சிறுமி "கொடுமுடி கோகிலம்" ஆன கதை

ஒரு லட்ச ரூபாய்!

இன்றைக்கும் அது சின்னத் தொகை அல்ல. தங்கம் பவுன் 30 ரூபாய்க்குள் விற்ற காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள். 3 ஆயிரம் பவுனுக்கு மேல் வாங்கலாம். கிராமத்தில் ஒரு குடும்பம் மாதம் பத்துப் பதினைந்து ரூபாயில் காலம் தள்ளிய நாட்கள் அவை.

அந்த நாளில், ஒரே ஒரு படத்தில் நடிப்பதற்கு லட்ச ரூபாய் வாங்கினார் ஒரு பெண்மணி. அதுவும் கதாநாயகியாக அல்ல. ஆண் வேடத்தில்!

அவர்தான் கே. பி. சுந்தராம்பாள். "கொடுமுடி கோகிலம்" என்று தமிழ்நாடே கொண்டாடிய பாடகி.

அந்தப் பணத்தை அவர் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. "இவ்வளவு கேட்டால் பட முதலாளி ஓடிப் போய்விடுவார், நம்மைத் தொந்தரவு செய்ய மாட்டார்" என்று எண்ணித்தான் கேட்டாராம். பட முதலாளியோ ஓடவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டார்!

வேண்டாம் என்று விலகியவரைத் தேடிப் பணம் வந்தது. ஆனால் அதற்கு முன் பசியும், புகழும், காதலும், தாங்க முடியாத துயரமும் அவரைத் தேடி வந்திருந்தன.

காவிரிக் கரையில்

ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே, காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. மகுடேசுவரர் கோவிலால் பெயர் பெற்ற ஊர். அங்கே 1908-ம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதன் சுருக்கமே கே. பி. எஸ்.

தகப்பனாரை இளம் வயதிலேயே இழந்த குடும்பம். தாயார் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. வீட்டில் பணம் இல்லை, நிலம் இல்லை. ஆனால் சின்னப் பெண்ணின் தொண்டையில் ஒரு செல்வம் இருந்தது. எட்டுத் தெருவுக்குக் கேட்கும் கணீர் என்ற குரல்.

அந்தக் குரல்தான் வீட்டில் அடுப்பு எரிய வழி செய்தது. அந்தப் பகுதியில் ஓடும் ரெயிலில் ஏறிச் சிறுமி பாடுவாள். பிரயாணிகள் கொடுக்கும் காலணா, அரையணாவை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவாள்.

ரெயிலில் பாடுவது லேசான காரியம் அல்ல. சக்கரங்கள் தடதடக்கும். என்ஜின் ஊதும். அத்தனை சத்தத்தையும் மீறிக் கடைசிப் பலகையில் இருப்பவர் காதில் பாட்டு விழவேண்டும். இல்லாவிட்டால் காசு விழாது. சுந்தராம்பாளின் முதல் சங்கீதப் பள்ளிக்கூடம் ரெயில் வண்டிதான் என்று சொன்னால் தவறில்லை.

அப்படி ஒருநாள் ரெயிலில் அவள் பாடியதைக் கேட்ட ஒருவர்தான் அவளை நாடக உலகத்துக்கு அழைத்துச் சென்றார் என்பார்கள்.

பசித்த பிள்ளை

வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சிறுமி சேர்ந்தாள். "நல்லதங்காள்" நாடகத்தில் அவளுக்கு ஒரு வேடம் கிடைத்தது. பெண் வேடம் அல்ல. நல்லதங்காளின் மகன் வேடம்.

நல்லதங்காள் கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. பஞ்சம் வந்து, பிள்ளைகள் பசியால் துடிக்க, அண்ணன் வீட்டைத் தேடிப் போகிறாள் ஒரு தாய். அண்ணி விரட்டுகிறாள். கடைசியில் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள்.

அந்த நாடகத்தில் பசியால் அழுது பாடும் பிள்ளையாகச் சுந்தராம்பாள் மேடை ஏறினாள். பசி என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மைக் இல்லாத காலம்

அன்றைய நாடகத்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம் தொடங்கும். விடியும் வரை நடக்கும். வசனத்தைவிடப் பாட்டே அதிகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி போன்ற நாடகங்கள் ஊர் ஊராக நடந்தன. மேல்நாட்டில் "ஆப்பெரா" என்று ஒரு கலை உண்டு. கதை முழுவதையும் பாட்டாகவே பாடி நடிப்பார்கள். நம் இசை நாடகத்தை அதற்கு உறவு என்று சொல்லலாம்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் நாடகத்தில் எழுதி வைத்ததோடு பாட்டு முடியாது. வள்ளியும் வேடனும் மேடையிலேயே தர்க்கம் செய்வார்கள். ஒருவர் பாட்டில் கேள்வி போட்டால், மற்றவர் அந்த நிமிடமே பாட்டில் பதில் சொல்லவேண்டும். விழித்தால் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள்!

மைக் கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் கூடிய கொட்டகையில் கடைசி வரிசைக்கும் பாட்டு கேட்க வேண்டும். ஆகவே உச்ச சுருதியில் பாடுவார்கள். "ஐந்து கட்டையில் பாடுவார்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆர்மோனியத்தில் உள்ள கட்டைகளை வைத்துச் சொல்லும் கணக்கு அது. கட்டை ஏற ஏறச் சுருதியும் ஏறும். பெரும்பாலான பெண்கள் எட்ட முடியாத கட்டையில், அடித்தொண்டையிலிருந்து முழுக் குரலை எழுப்பிப் பாடினார் சுந்தராம்பாள்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் ஆலங்காயம் பக்கத்து மக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வட ஆர்க்காடு தெருக்கூத்துக்குப் பெயர் போன சீமை. விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திறந்த வெளியில் ஒரு ராத்திரி முழுவதும் குரல் உடையாமல் பாடுவது எப்படிப்பட்ட உழைப்பு என்று!

இன்னொரு தடையும் இருந்தது. அந்தக் காலத்தில் நாடகத்தில் நடிக்கும் பெண்ணை ஊர் மதிக்காது. பல கம்பெனிகளில் பெண் வேடத்தையும் ஆண் பிள்ளைகளே போட்டார்கள். பாட்டைக் கேட்டுக் கை தட்டுவார்கள். பாடியவளை வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். அந்த ஏளனத்தையும் சகித்துக்கொண்டுதான் அவர் மேடையில் நின்றார்.

கொழும்பில் சந்திப்பு

அதே காலத்தில் தமிழ்நாட்டைக் கலக்கிக் கொண்டிருந்தார் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்தவர். அவர் பாட ஆரம்பித்தால் சங்கீத வித்துவான்களே கொட்டகைக்கு ஓடி வருவார்கள். அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம் வாசிப்பார். தம்பி உச்ச ஸ்தாயியில் சஞ்சரிப்பார்.

1926-ம் ஆண்டு. இலங்கையில் கொழும்பு நகரம். சுந்தராம்பாள் அங்கே நாடகங்களில் பாடிப் பெரும் பெயர் எடுத்திருந்தார். கிட்டப்பாவும் அங்கே வந்து சேர்ந்தார். இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினால் என்ன என்று நாடகக்காரர்களுக்கு ஆசை. ஆனால் பயமும் இருந்தது. கிட்டப்பாவின் பாட்டுக்கு முன்னால் இந்தப் பெண் நிற்க முடியுமா?

நாடகம் "வள்ளி திருமணம்". அவர் பாட, இவர் பாட, இவர் பாடியதை அவர் வாங்க, கொட்டகையே கிறங்கியது. யார் வென்றார், யார் தோற்றார் என்று சொல்ல முடியவில்லை. இரண்டு குரல்களும் ஒன்றுக்கொன்று சரிநிகராக நின்றன.

மேடையில் தொடங்கிய பந்தம் வாழ்க்கையிலும் தொடர்ந்தது. 1927-ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு திருமணம் ஆகியிருந்தது. அப்போது இரண்டாவது மணத்துக்குச் சட்டத்தில் தடை இல்லை. என்றாலும் குடும்பத்தில் மன நிம்மதி இருக்குமா? சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தையும் சில நாட்களில் இறந்துவிட்டது. கணவன் மனைவிக்கு இடையே மனத்தாங்கல்கள் வந்தன. பிரிந்தும் இருந்தார்கள். கிட்டப்பாவின் உடல் நலமும் கெட்டது.

1933 டிசம்பர் 2. கிட்டப்பா காலமானார். அவருக்கு அப்போது வயது 27 மட்டுமே.

தமிழில் பேசும் படம் 1931-ல்தான் வந்தது. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவருடைய குரல் கிராமபோன் இசைத்தட்டுகளில் மட்டும் தங்கிவிட்டது.

வெள்ளைச் சேலை

சுந்தராம்பாளுக்கு வயது 25. புகழின் உச்சியில் இருந்த நேரம். அப்படியே எல்லாவற்றையும் உதறினார். நகைகளைக் கழற்றினார். வெள்ளைச் சேலை உடுத்தினார். நெற்றியில் திருநீறு பூசினார். மேடைக்கே வராமல் வீட்டில் அடைந்து கிடந்தார்.

பிறகு பெரியவர்கள் பலர் ஆறுதல் சொன்னார்கள். காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி அவர்களில் ஒருவர். அவருடைய குரல் நாட்டுக்குத் தேவை என்று எடுத்துச் சொன்னார்கள். சுந்தராம்பாள் மீண்டும் மேடைக்கு வந்தார். ஆனால் ஒரு விரதத்தோடு வந்தார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்பதே அந்த விரதம். கடைசி வரை அதிலிருந்து அவர் மாறவில்லை.

இந்த நிலையில்தான் பட முதலாளி அசன்தாஸ் வந்து கதவைத் தட்டினார். லட்ச ரூபாய் கொடுத்தார். ஆணுடன் ஜோடி சேர மாட்டேன் என்றவருக்கு ஆண் வேடமே பொருத்தமாக அமைந்தது. 1935-ல் "பக்த நந்தனார்" வெளிவந்தது.

நந்தனார் யார்? தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்ததால் கோவில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட சிவனடியார். அந்த வேடத்தில் சுந்தராம்பாள். அவரை அடிமையாக வைத்திருக்கும் வேதியராகச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத அய்யர். தாழ்த்தப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நுழைந்தது 1939-ல்தான். அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே, கோவிலுக்கு வெளியே நின்று உருகும் நந்தனின் குரலை ஒரு பெண் தமிழ்நாடு முழுவதும் கேட்கச் செய்துவிட்டார்.

படம் பண வெற்றி பெறவில்லை. எழுத்தாளர் கல்கி படத்தைப் பொல்லாத கேலி செய்தார். படத்தில் வரும் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் அவர் எழுதியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனாலும் சுந்தராம்பாளின் குரலை யாரும் கேலி செய்யவில்லை.

தங்கத் தட்டு

சுதந்திரப் போராட்டத்துக்கு அந்தக் குரல் பெரிய படையாக உதவியது. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்களுக்குப் பத்திரிகை எட்டாது. பாட்டு எட்டும். காந்தி அடிகளைப் பற்றியும், கதரைப் பற்றியும் சுந்தராம்பாள் பாடிய பாடல்கள் கிராமபோன் மூலம் ஊர் ஊராகப் பரவின. புராண நாடகத்துக்கு நடுவே தேசபக்திப் பாட்டு வரும். கூட்டம் ஆரவாரம் செய்யும். காங்கிரசின் தேர்தல் பிரசாரக் கூட்டங்களிலும் அவர் பாடினார். அவர் வருகிறார் என்றால் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

காந்தி அடிகள் கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தது பற்றி ஒரு கதை சொல்வார்கள். சுந்தராம்பாள் தங்கத் தட்டில் உணவு பரிமாறினாராம். சாப்பிட்டு முடித்த காந்தி, சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். உடனே தட்டையும் கொடுத்துவிட்டாராம் அம்மையார். அது ஏலம் போய், பணம் தேச சேவை நிதிக்குச் சேர்ந்ததாம்.

காலணாவுக்கு ரெயிலில் பாடியவர், தங்கத் தட்டைத் தயங்காமல் கொடுத்தார்.

நாடு விடுதலை அடைந்த பிறகு அவர் சென்னைச் சட்ட மேல்சபை உறுப்பினர் ஆனார. இந்தியாவில் சட்ட மன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைப்படக் கலைஞர் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. நாடகக்காரி என்று ஒதுக்கிய சமுதாயம் "மாண்புமிகு உறுப்பினர்" என்று அழைத்தது.

அமெரிக்காவிலும் அப்படித்தான்

பாட்டை ரசித்துக்கொண்டே பாடுகிறவரை ஒதுக்குவது நம் நாட்டில் மட்டும் நடந்தது அல்ல.

அமெரிக்காவில் மரியன் ஆண்டர்சன் என்று ஒரு பாடகி இருந்தார். நீக்ரோ இனத்தவர் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பு மக்களில் ஒருவர். 1939-ல் வாஷிங்டன் நகரின் பெரிய மண்டபம் ஒன்றில் அவர் பாட இடம் கேட்டபோது, நிறத்தைக் காரணமாக வைத்து மறுத்துவிட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அதே நகரில், அடிமைத் தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கனின் நினைவு மண்டபத்துப் படிகளில் நின்று, திறந்த வெளியில் பாடினார். கேட்க வந்தவர்கள் 75 ஆயிரம் பேர்!

நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா மேடையில் அவர் பாட 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1957-ல் அவர் இந்தியாவுக்கும் வந்து பாடினார். அவர் திறந்த கதவு வழியாக 1961-ல் அதே ஆப்பெரா மேடைக்கு வந்தார் லியோன்டைன் பிரைஸ் என்ற இன்னொரு கறுப்பினப் பாடகி. முதல் நாள் பாடி முடித்ததும் 40 நிமிடங்களுக்கு மேல் கைதட்டல் ஓயவில்லை.

அங்கே நிறம் தடையாக இருந்தது. இங்கே வறுமையும், பெண் என்பதும், மேடைத் தொழிலும் தடையாக இருந்தன. குரல் இரண்டு இடத்திலும் தடையைத் தாண்டியது.

இளமையைத் துறந்தவர்கள்

சுந்தராம்பாள் மொத்தத்தில் ஏறக்குறைய ஒரு டஜன் படங்களில்தான் நடித்தார். அந்த வேடங்களைப் பார்த்தால் ஒரு வியப்பான ஒற்றுமை தெரியும்.

1940-ல் "மணிமேகலை". உலக ஆசையை விட்டுத் துறவு பூண்ட பெண்.

1953-ல் ஜெமினி வாசன் எடுத்த "அவ்வையார்". யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சியை மக்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். ஆனால் படத்தின் உயிர் அந்த யானைகள் அல்ல, சுந்தராம்பாளின் பாட்டு. திருமணம் வேண்டாம் என்று பிள்ளையாரை வேண்டி, இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிக்கொண்டவர் அவ்வை. 25 வயதில் எல்லாவற்றையும் துறந்த சுந்தராம்பாளைவிட அந்த வேடத்துக்குப் பொருத்தமானவர் யார்? அந்தப் படத்துக்குப் பிறகு, அவ்வை என்றாலே மக்கள் மனக்கண்ணில் அவர் முகம்தான் வந்தது.

1964-ல் "பூம்புகார்". மு. கருணாநிதி வசனம் எழுதிய படம். அதில் கவுந்தி அடிகள் என்னும் துறவியாக வந்தார். தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும்படி ஒரு பாட்டில் வரி இருந்ததாம். முருக பக்தையான அம்மையார் அதைப் பாட மறுத்துவிட்டாராம். கடைசியில் வரியைத்தான் மாற்றினார்கள். அவர் மாறவில்லை என்று அந்தக் கதை முடிகிறது.

1965-ல் ஏ. பி. நாகராஜனின் "திருவிளையாடல்". மீண்டும் அவ்வை. பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலை ஏறிய முருகனைச் சமாதானம் செய்யும் கிழவியாக அவர் பாடியபோது, வயது 60-ஐ நெருங்கிக் கொண்டிருந்தது. குரலுக்கு மட்டும் வயது ஏறவில்லை!

1973-ல் "காரைக்கால் அம்மையார்". கணவன் பிரிந்தபின் அழகிய உடலே வேண்டாம் என்று சிவனிடம் பேய் வடிவம் கேட்டு வாங்கிய அம்மை. இளம் வயதுப் புனிதவதியாக லட்சுமி நடிக்க, முதிர்ந்த அம்மையாராகச் சுந்தராம்பாள் வந்தார்.

மணிமேகலை, அவ்வை, கவுந்தி, காரைக்கால் அம்மை. எல்லோரும் இளமையையும் இன்பத்தையும் ஒதுக்கி வைத்த பெண்கள். வெள்ளைச் சேலையும் திருநீறுமாகச் சுந்தராம்பாள் வந்து நின்றாலே போதும். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

தேடி வந்த சிறப்புகள்

1966-ல் தமிழ் இசைச் சங்கம் "இசைப் பேரறிஞர்" பட்டம் வழங்கியது. 1969-ல் வந்த "துணைவன்" படத்தில் பாடியதற்காக, நாட்டிலேயே சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது கிடைத்தது. 1970-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

இத்தனைக்கும் அவர் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்ல. பணக்கார வீட்டில் வாத்தியார் வைத்துச் சங்கீதம் கற்றவரும் அல்ல. கேள்வி ஞானமும், நாடக மேடைப் பயிற்சியும், ஓயாத உழைப்புமே அவருடைய முதல். தமிழ்ச் சொல்லைக் கடித்து விழுங்காமல், ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று கேட்கும்படி பாடினார். அதனால்தான் படித்தவர், பாமரர் என்ற வேற்றுமை இல்லாமல் அவர் பாட்டு எல்லோருக்கும் புரிந்தது.

எந்த ஊரில் காலணாவுக்குப் பாடினாரோ, அதே கொடுமுடியில் பிற்காலத்தில் தம் பெயரில் ஒரு சினிமாக் கொட்டகையும் கட்டினார்.

1980-ம் ஆண்டு கே. பி. சுந்தராம்பாள் காலமானார். கிட்டப்பா மறைந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை ஆண்டுகளும் அவர் உடுத்தியது வெள்ளைச் சேலைதான்.

ஆடிக் கிருத்திகை, தைப்பூசம் வந்தால் முருகன் கோவில்களில் ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். ஆலங்காயம் போன்ற மலையடிவார ஊர்களிலும், காவிரிக் கரை ஊர்களிலும், கடல் கடந்து தமிழர் வாழும் ஊர்களிலும் அந்தக் கணீர்க் குரல் எழுகிறது. பாடுகிறவர் யார் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும்: "இது ரெயிலில் பாடிய ஒரு பெண்ணின் குரல்!"